ஆல்பர்ட் ஃபால்ஸ் அணைக்கு முதல் தடவை சொந்தப் படகோட போறேன் – எந்த லூர் (பொய் இரை) எடுத்துட்டுப் போகலாம்?

நெல்லைக்காரன்_மிட்ராண்ட் | 3 செப்டம்பர் 2024

எல்லாருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்கா வந்து ஆறு வருஷம் ஆச்சு. ஊர்ல தாமிரபரணியில தக்கை போட்டு விறால் பிடிச்ச கை. இங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு ஞாயித்துக்கிழமை ஹார்ட்டிஸ் அணைக்குக் கூட்டிட்டுப் போனார். அன்னைக்கு ஒரு லார்ஜ்மௌத் பாஸ் மீன் தண்ணிய விட்டு எகிறித் தலைய உதறிச்சு பாருங்க, அதுல பிடிச்ச பைத்தியம் இன்னும் தெளியல.

போன மாசம் பழைய படகு ஒண்ணு வாங்கிட்டேன். 17 அடி, பின்னால 115 குதிரை எஞ்சின், ட்ரெய்லரோட. 24ஆம் தேதி செவ்வாய் ஹெரிட்டேஜ் டே லீவு. திங்கள் ஒரு நாள் லீவு போட்டா நாலு நாள் சேர்ந்து வருது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம், இங்க மிட்ராண்ட்லருந்து 500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆல்பர்ட் ஃபால்ஸ்ல ரூம் போட்டாச்சு. செப்டம்பர்ல அங்க மீன் கரையோரமா ஏறும்னு சொல்றாங்க. எந்த லூர், எந்த நிறம், நரம்பு எத்தனை பவுண்டு? அனுபவசாலிங்க சொல்லுங்க.

கரைக்காரன் | 3 செப்டம்பர் 2024

படகு வாங்கின அன்னைக்கு ஒரு சந்தோஷம், விக்கிற அன்னைக்கு ஒரு சந்தோஷம். நடுவுல இருக்கிறதெல்லாம் செலவு. வாழ்த்துக்கள் தம்பி. நான் டர்பன் கடற்கரையில மணல்ல நின்னு ஷாட் மீன் பிடிக்கிறவன், உங்க ரப்பர் புழு சமாச்சாரம் எனக்குத் தெரியாது. பழைய_தூண்டில் வருவார், அவரைக் கேளுங்க.

பழைய_தூண்டில் | 4 செப்டம்பர் 2024

தம்பி, வணக்கம். நான் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்காரன். சர்க்கரை மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பாஸ் பிடிக்க ஆரம்பித்து 38 வருஷம். என் தமிழ் ஆயாவிடம் (பாட்டியிடம்) கற்ற தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லூர் பற்றிக் கேட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

உங்கள் லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது, பி-யா, இபி-யா? 17 அடி பைபர் படகு, அந்த எஞ்சின், மூன்று பேட்டரி, பெட்ரோல், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்தால் ஆயிரம் கிலோவுக்கு மேல் போகும். 750 கிலோவைத் தாண்டிய ட்ரெய்லரை இழுக்க இபி வேண்டும். இல்லாமல் போய் விபத்தானால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான்.

அடுத்தது, ஸ்கிப்பர் டிக்கெட் எடுத்தீர்களா? எஞ்சின் 15 குதிரைக்கு மேல் இருந்தால் ஓட்டுகிறவனுக்குச் சான்றிதழ் வேண்டும், படகுக்கும் தகுதிச் சான்று வேண்டும். இதெல்லாம் சம்சா விதி. சம்சா என்றதும் வாயில் எச்சில் ஊற வேண்டாம், அது கடல்சார் பாதுகாப்பு ஆணையம். அணைதானே, கடல் இல்லையே என்று சொல்லி நிறையப் பேர் தப்பிக்கப் பார்ப்பார்கள். 2007இல் வந்த சிறுபடகு விதிகள் உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் சேர்த்துத்தான். மீன்பிடி உரிமமும் மறக்காதீர்கள்.

மூன்றாவது, அந்த அணையின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியுமா? ஆல்பர்ட் ஃபால்ஸ் 1976இல் கட்டியது. அதற்கு முன்னால் அது பண்ணை நிலம். மரம், வேலிக் கம்பம், பழைய ரோடு, எல்லாம் தண்ணீருக்குள் அப்படியே நிற்கிறது. பெரிய வறட்சி வந்து, 2016, 17இல் அணை வற்றி வெடித்துக் கிடந்தது. பாஸ்காரர்கள் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து அழுதார்கள். நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நடக்கப் போனேன். ஆறு ஞாயிறு, கையில் ஜிபிஎஸ். ஒவ்வொரு மரக்கட்டை, ஒவ்வொரு கம்பி வேலி, ரோடு திரும்புகிற இடம், எல்லாவற்றையும் குறித்தேன். மனைவி கேட்டாள், ‘தண்ணி இல்லாத அணையில என்ன மீன் பிடிக்கிறீங்க?’ என்று. அந்த ஆறு ஞாயிறில் பிடித்த மீனைத்தான் இத்தனை வருஷமாகத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். பாஸ் ஒளியும் இடமும் எஞ்சின் உடையும் இடமும் ஒரே இடம்தான். அங்கே 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எஞ்சினின் கால் முறியும், இல்லை உங்கள் கால் முறியும். தெரியாத தண்ணீரில் முதல் நாள் முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். முன்னால் யாரோ வேகமாகப் போகிறான் என்று அவன் பின்னால் போகாதீர்கள். அவனுக்கு வழி தெரியும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

நெல்லைக்காரன்_மிட்ராண்ட் | 4 செப்டம்பர் 2024

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. இபி இருக்கு (அதுவே ரெண்டாவது தடவைதான் பாஸ் ஆச்சு). ஸ்கிப்பர் டெஸ்ட்டுக்குப் படிச்சுட்டு இருக்கேன், 14ஆம் தேதி பரீட்சை. ஜிபிஎஸ் புள்ளியெல்லாம் கொஞ்சம் அனுப்ப முடியுமா?

லூர் நிறம்?

பழைய_தூண்டில் | 4 செப்டம்பர் 2024

அண்ணாச்சியா! இங்கே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, கேட்க நன்றாக இருக்கிறது. மரக்கட்டைகள் இருக்கும் புள்ளிகளை அனுப்புகிறேன். மீன் இருக்கும் புள்ளிகளை அனுப்ப மாட்டேன். ரெண்டும் ஒன்று என்று நானே மேலே சொல்லி மாட்டிக்கொண்டேன், பரவாயில்லை.

ஸ்பேனர் | 5 செப்டம்பர் 2024

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ட்ரெய்லர் ரிப்பேர் பண்றவன். தண்ணிக்குள்ள செத்தவங்களை விட N3 நெடுஞ்சாலை ஓரத்துல சக்கரம் கழண்டு நிக்கிறவங்களைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

கவனிங்க. 500 கிலோமீட்டர் ஓடி வந்த சக்கரத்தோட பேரிங் கொதிச்சுட்டு இருக்கும். நேரா படகு இறக்குற சரிவுல, அதான் ராம்ப்ல, இறக்கிக் குளிர்ந்த தண்ணில முக்குறீங்க. உள்ள இருக்கிற காத்து சட்டுனு சுருங்கி, சீல் வழியா தண்ணிய உறிஞ்சிடும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்துடும். திரும்பிப் போகும்போது வான் ரீனன்ஸ் கணவாய் ஏத்தத்துல பேரிங் பிடிச்சுக்கும், நடு ராத்திரி, பின்னால லாரி வரிசை. அதனால வந்த உடனே இறக்காதீங்க. சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப் மேல கை வெச்சுப் பாருங்க, கை வைக்க முடியுற சூட்டுக்கு வந்ததும் இறக்குங்க. அந்த அரை மணி நேரத்துல ஒரு டீ குடிங்க.

வழியில நிக்கும்போதெல்லாம் இதே மாதிரி தொட்டுப் பாக்கணும். ஒரு பக்கம் மட்டும் சுடுதுன்னா அந்த பேரிங் போகப்போகுது. பழைய படகு வாங்கினவர் பழைய டயரையும் சேத்துத்தான் வாங்கியிருப்பார். ட்ரெய்லர் டயர் தேயாது, வெயில்ல நின்னே செத்துப்போகும். பக்கவாட்டுல வெடிப்பு இருந்தா மாத்துங்க. ஸ்டெப்னி இருக்கா, அதுல காத்து இருக்கா, உங்க கார் வீல் ஸ்பேனர் ட்ரெய்லர் நட்டுக்குச் சேருதா? மூணாவதை யாருமே பாக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. சாமானை எல்லாம் படகோட பின்பக்கம் அடைக்காதீங்க. கொக்கி மேல எடை குறைஞ்சா ட்ரெய்லர் வாலாட்டும். மொத்த எடைல பத்துல ஒரு பங்கு கொக்கி மேல உக்காரணும்.

ரெண்டு_பவுண்ட் | 6 செப்டம்பர் 2024

பாவம், ஒரு லூர் கேட்டவனை எல்லாரும் சேந்து பயமுறுத்துறீங்க. நான் ஹேசல்மியர், இனாண்டா, ஷாங்வேனி எல்லாத்துலயும் இருபது வருஷமா ஓட்டுறேன். லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில இருக்கு, கேட்டா எடுத்துக் காட்டுவேன். ஜனவரி வெயில்ல அதை மாட்டிட்டு யாரால லூர் வீச முடியும்? அணையில எங்க நின்னாலும் கரை கண்ணுக்குத் தெரியுது. நீச்சல் தெரிஞ்சவனுக்கு என்ன பயம்?

நெல்லைக்காரரே, மேல் தண்ணிக்கு ஒரு தவளை லூர், ஒரு வெள்ளை ஸ்பின்னர்பெய்ட். போயிட்டு வாங்க.

பழைய_தூண்டில் | 7 செப்டம்பர் 2024

ரெண்டு பவுண்ட், நானும் 2009 வரைக்கும் இதே வசனம்தான் பேசிக்கொண்டிருந்தேன். இதை நான் நிறையப் பேரிடம் சொன்னதில்லை. கேளுங்கள்.

இனாண்டா, மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. வாரநாள் என்றால் அணை காலியாக இருக்கும் என்று தனியாகப் போனேன். உம்கேனி ஆறு மேலிருந்து அடித்துக்கொண்டு வந்த ஆகாயத்தாமரை அங்கங்கே பாய் விரித்தாற்போல் மிதந்தது. ரெண்டு பாய்க்கு நடுவே ஒரு சந்து. அதில் புகுந்து போகலாம் என்று முடுக்கினேன். அந்தச் சந்தில் ஒரு மரம், தண்ணீர் மட்டத்துக்கு அரை அடி கீழே, படுத்தவாக்கில்.

சத்தம் கேட்டது நினைவில்லை. நான் தண்ணீருக்குள் இருந்தேன், மேலே வந்து பார்த்தால் என் படகு என்னைச் சுற்றி வட்டம் போடுகிறது. ஆளில்லாத படகின் எஞ்சின் நேராக நிற்காது, ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். அதனால் அது விழுந்தவனை விட்டுப் போகாது, அவனைச் சுற்றியே வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டம் கொஞ்சம் நகர்ந்து கிட்டே வந்தது. ஆள் விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் கயிறு எங்கே இருந்தது தெரியுமா? ஸ்டீயரிங் பக்கத்தில் கொக்கியில், சுருட்டி, அழகாக. லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில். கேட்டால் எடுத்துக் காட்டுவேன் என்றுதான் வைத்திருந்தேன். படகு அதை எடுத்துக்கொண்டு என்னைச் சுற்றியது.

எனக்கு நீச்சல் தெரியும். ஜீன்ஸ், ஷூ, உடைந்த தோள்பட்டை, இதோடு நீந்திப் பாருங்கள்.

காப்பாற்றியது அந்த ஆகாயத்தாமரைதான். நாலாவது சுற்றோ ஐந்தாவது சுற்றோ, படகு பாய்க்குள் ஏறி, விசிறியில் தண்டு சுற்றி, இருமி நின்றது. என்னை விழவைத்ததும் அது, காப்பாற்றியதும் அது. கரையில் ஒரு ஜூலு கோகோ (பாட்டி), எழுபது வயது இருக்கும், கார்ப் மீனுக்குத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தன் மூங்கில் கழியை நீட்டி இழுத்தாள். இழுத்துப் போட்டுவிட்டு அவள் திட்டிய திட்டு முழுவதும் எனக்குப் புரியவில்லை. புரிந்தவரைக்கும், ‘உனக்கு வீட்டில் ஆள் இல்லையா’ என்பதுதான்.

அன்றிலிருந்து: எஞ்சின் சாவியைத் தொடும் முன் கயிறு ஜாக்கெட்டில் மாட்டியிருக்கும். காற்றடைத்து விரியும் மெல்லிய ஜாக்கெட் இப்போது கிடைக்கிறது, கழுத்தில் துண்டு போட்ட மாதிரிதான் இருக்கும், ஜனவரியிலும் வீசலாம். ஆனால் தானாக விரிகிற வகையை வாங்குங்கள். கயிறு இழுத்தால்தான் விரியும் என்றால், மயங்கி விழுந்தவன் எப்படி இழுப்பான்? அதிலுள்ள காஸ் குப்பி துருப்பிடித்திருக்கிறதா என்று சீசனுக்கு ஒரு தடவை கழற்றிப் பாருங்கள்.

படகுக்குத் திரும்ப ஏறுவதையும் பழகவேண்டும். பக்கவாட்டில் ஏற முடியாது, உங்கள் எடையே உங்களைக் கவிழ்க்கும். எஞ்சின் அணைந்திருக்கிறதா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, பின்பக்கம் போய், விசிறிக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டில் கால் வைத்து ஏறுங்கள். இதை வெயில் நாளில், இடுப்பளவு தண்ணீரில், யாராவது பக்கத்தில் இருக்கும்போது ஒரு தடவை செய்து பாருங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, இழுத்து இழுத்து வாங்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்கு மேலே இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. அதன்பின் சுமார் பத்து நிமிஷம்தான் கை விரல் சொன்ன பேச்சைக் கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஆனால் ஜாக்கெட் இல்லாதவன் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்ப்பதில்லை.

ரெண்டு_பவுண்ட் | 7 செப்டம்பர் 2024

அண்ணா, இது எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கோங்க. கயிறு விஷயம் சரி. ஜாக்கெட் பத்தி யோசிக்கிறேன்.

படகுக்காரர்_வீட்டம்மா | 8 செப்டம்பர் 2024

இங்க ஆம்பளைங்க பேச்சுல நுழையுறேன். என் வீட்டுக்காரர் வாரம் தவறாம போவார். ‘எப்ப வருவீங்க’ன்னு கேட்டா ‘மீன் எப்ப விடுதோ அப்ப’ன்னு பதில். ஒரு நாள் மிட்மார் அணையில காத்துல மாட்டி, போன் சார்ஜ் தீர்ந்து, ராத்திரி பத்தரைக்கு வந்தார். நான் அதுக்குள்ள தாலியைத் தொட்டுத் தொட்டுப் பாத்து விரல் தேஞ்சுபோச்சு. எந்த அணைக்குப் போனார்னுகூட எனக்குத் தெரியாது, யாரைக் கூப்பிட்டு என்னன்னு சொல்ல?

இப்ப ஃப்ரிட்ஜ் மேல ஒரு காகிதம். எந்த அணை, எந்த ராம்ப், கூட யாரு, கார் நம்பர், எத்தனை மணிக்குக் கரையேறுவார், எத்தனை மணிக்கு மேல நான் போன் பண்ணலாம். அந்த ரெண்டாவது நேரம் முக்கியம் அண்ணா. அது எழுதியிருந்தா பொம்பளை தயங்க மாட்டா. இல்லேன்னா ‘சும்மா கலவரம் பண்றேன்னு திட்டுவாரோ’ன்னே ஒரு மணி நேரம் போயிடும்.

கடல் மீட்பு நிறுவனம் என்.எஸ்.ஆர்.ஐ. அவசர நம்பர் 087 094 9774, செல்போன்ல 112. அவங்க சேஃப்ட்ரெக்ஸ்னு ஒரு ஆப் இலவசமா விடுறாங்க, போற வழியைப் பதிவு பண்ணும். சொன்ன நேரத்துக்கு வரலேன்னா வீட்டுக்குத் தகவல் வரும். போனை நீர் புகாத பையில போட்டு உடம்போட கட்டுங்க. படகுல வெச்சா, மேல அண்ணா சொன்ன கதைதான், படகு அதை எடுத்துட்டுப் போயிடும்.

தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?

நெல்லைக்காரன்_மிட்ராண்ட் | 8 செப்டம்பர் 2024

இன்னும் இல்லக்கா. அம்மா ஊர்ல இருக்காங்க. ஃப்ரிட்ஜ் காகிதத்தை பக்கத்து ஃபிளாட் நண்பன்கிட்ட குடுத்துட்டுப் போறேன்.

கரைக்காரன் | 10 செப்டம்பர் 2024

எல்லாம் சரி. ஆனா இந்த பாஸ் யாரு வீட்டு மீன்? எங்க தாத்தா காலத்துல நம்ம ஆளுங்க டர்பன் குடாவுல சாலிஸ்பரி தீவுல வலை போட்டாங்க. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிஞ்சு மீன்ல பிழைச்ச குடும்பங்க. அது கடல் குடுத்த மீன். இது அமெரிக்காக்காரன் மீன். இங்கத்த சின்ன மீனையெல்லாம் தின்னு தீத்துட்டு நிக்குது. அதுக்கு நீங்க முத்தம் குடுத்துத் திருப்பி விடுறீங்க.

பழைய_தூண்டில் | 10 செப்டம்பர் 2024

கரைக்காரன் சொல்வதில் பாதி உண்மை, அதை மறுக்க மாட்டேன். 1928இல் கேப் பக்கம் ஜான்கர்ஸ்ஹூக் குஞ்சுப் பண்ணைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து நாடு முழுக்கப் போய்விட்டது. அந்தப் பக்கத்துச் சின்ன ஆறுகளில் சொந்த மீன்களைத் தின்று அழித்தது நிஜம். ஆகவே இதைப் புதிய ஆற்றிலோ குளத்திலோ கொண்டு விடுகிறவனை நானே பிடித்துக் கொடுப்பேன். மனிதன் கட்டிய அணையில் இருக்கிறதைப் பிடிக்கிறேன், அதுவரைக்கும்தான் என் நியாயம்.

இன்னொரு விஷயம், நெல்லைக்காரருக்கு. நீங்கள் போகிற வாரம் புரட்டாசி பிறந்திருக்கும். எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது, நான் ராடைத் தொடுவதும் இல்லை. முதலில் ஆயாவுக்குப் பயந்து, பிறகு மனைவிக்குப் பயந்து. ரொம்ப வருஷம் கழித்துத்தான் கவனித்தேன், நம் ஊர்க் கணக்குப்படி வருகிற அந்த மாதம் இங்கே வசந்த காலம். தண்ணீர் 16, 18 டிகிரிக்கு வரும், ஆண் பாஸ் கரையோரம் வாலால் குழி துடைத்து, முட்டைக்குக் காவல் நிற்கும். உங்கள் ஊர் விறால் குஞ்சுகளோடு சுற்றுமே, அந்த மாதிரி. அப்போது எதைப் போட்டாலும் கடிக்கும், பசியால் இல்லை, கோபத்தால். அதைத் தூக்கிப் படகில் போட்டுப் படம் எடுக்கிற ஐந்து நிமிஷத்தில் ஜிலேபி மீன் கூட்டமாக வந்து முட்டையைத் துடைத்துவிடும். ஆகவே குழியில் நிற்கிற மீனை விட்டுவிடுங்கள். ஆயாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை, தஞ்சாவூரில் அப்போது மழைக்காலம்.

பழைய_தூண்டில் | 18 செப்டம்பர் 2024

நெல்லைக்காரரே, பரீட்சை பாஸ் என்று தனிச்செய்தியில் பார்த்தேன், வாழ்த்துகள்.

வானிலை பார்த்தீர்களா? வார இறுதியில் பெரிய குளிர் வருகிறது, டிராக்கன்ஸ்பர்க் மலையில் பனி விழும் என்கிறார்கள். செப்டம்பரில் இங்கே ஒரு ஏமாற்று உண்டு. குளிர் காற்றலை வருவதற்கு முந்தின நாள் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று அடிக்கும், சூடாக, அடுப்பு வாயிலில் நிற்பது போல. எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டுப் படகை இறக்குவார்கள். மதியத்துக்கு மேல் காற்று ஒரு நொடி நிற்கும். நின்றால் உடனே கரைக்குத் திரும்புங்கள். அடுத்தது தென்மேற்கிலிருந்து அறைகிற மாதிரி வரும், பாஸ் படகு தாழ்ந்த படகு, ரெண்டு அலை உள்ளே ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும்.

என் கருத்து, இந்த வாரம் வேண்டாம். போயே தீருவது என்றால் நாளைக்கே கிளம்புங்கள். வெள்ளி சாயங்காலம் வான் ரீனன்ஸ் ஏறாதீர்கள். கம்பளி, தண்ணீர், சாப்பாடு, டார்ச், முழு டாங்க் பெட்ரோல், இவை காருக்குள். படகுக்குள் இல்லை.

நெல்லைக்காரன்_மிட்ராண்ட் | 18 செப்டம்பர் 2024

அண்ணாச்சி, ரூம் பணம் கட்டியாச்சு, திரும்பத் தர மாட்டாங்களாம். நாளைக்கு ஆபீஸ்ல ரிலீஸ், கிளம்ப முடியாது. வெள்ளி மதியமே ஓடிடுவேன்.

ரெண்டு_பவுண்ட் | 19 செப்டம்பர் 2024

குளிர்தானே, ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கோங்க. (சரி சரி, திட்டாதீங்க. நான் ஜாக்கெட் வாங்கிட்டேன், தானா விரியுற வகை.)

படகுக்காரர்_வீட்டம்மா | 21 செப்டம்பர் 2024

நெல்லைக்காரத் தம்பி, எங்க இருக்கீங்க? டிவில N3 மூடிக்கிடக்கிறதைக் காட்டுறாங்க. ஹாரிஸ்மித் பக்கம் எல்லாம் வெள்ளை. பாத்ததும் ஒரு வரி போடுங்க.

பழைய_தூண்டில் | 21 செப்டம்பர் 2024

போன் எடுக்கவில்லை. செய்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை.

பழைய_தூண்டில் | 21 செப்டம்பர் 2024

இரவு எட்டு மணி. பதில் வந்தது. பத்திரம்.

நெல்லைக்காரன்_மிட்ராண்ட் | 24 செப்டம்பர் 2024

எல்லாருக்கும் நன்றி, மன்னிப்பு. வீட்டுல இருக்கேன்.

வெள்ளி மூணு மணிக்குக் கிளம்பினேன். ஹைடெல்பர்க் தாண்டினப்பவே காத்து படகை இழுத்துச்சு. ஹாரிஸ்மித் வரும்போது ஏழு மணி, மழை கல்லா மாறி, அப்புறம் பஞ்சா மாறிச்சு. நான் பிறந்ததுலருந்து பனி பாத்ததில்ல. முதல்ல போட்டோ எடுத்தேன், உண்மையச் சொல்லிடுறேன். பத்து நிமிஷத்துல ரோட்டுக் கோடு தெரியல. முன்னால ஒரு லாரி மெதுவா பக்கவாட்டுல வழுக்கிச்சு, யாரோ பாத்திரத்தைத் தள்ளிவெச்ச மாதிரி சத்தமே இல்லாம. கணவாய் இன்னும் முன்னால இருக்கு. அண்ணாச்சி சொன்ன ‘வெள்ளி சாயங்காலம் ஏறாதீங்க’ மட்டும் காதுல ஓடிச்சு. ஒரு பெட்ரோல் பங்க் வெளிச்சம் தெரிஞ்சுது, திருப்பிட்டேன். எனக்கு முன்னால போனவங்க ராத்திரி முழுக்க நெடுஞ்சாலையிலேயே காருக்குள்ள உக்காந்திருந்தாங்கன்னு காலையில தெரிஞ்சுது.

கரண்டு போச்சு. டவர் போச்சு, அதான் போன் இல்ல. கார்ல ரெண்டு கம்பளி இருந்துச்சு, அண்ணாச்சி லிஸ்ட்படி. பக்கத்து கார்ல ரெண்டு சின்னக் குழந்தையோட ஒரு சோத்தோ இனக் குடும்பம், அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. ஒரு கம்பளி அங்க போச்சு. குழந்தைங்களுக்கு என் லைஃப் ஜாக்கெட் ரெண்டையும் மாட்டிவிட்டோம், பழைய நுரை வெச்ச வகை, நல்லா கதகதப்பா இருந்துச்சாம். எஞ்சினைக் கொஞ்ச நேரம் போட்டு, கொஞ்ச நேரம் அணைச்சு ஓட்டினோம். போடுறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் சைலன்சர் வாயில பனி அடைச்சிருக்கான்னு அந்த வீட்டுக்காரர் இறங்கிப் பாத்துச் சுத்தம் பண்ணார். புகை உள்ள வந்தா தூக்கத்துலயே போயிடுவோம்னார்.

சாப்பாடு வாங்கி வெச்சிருந்தேன் அண்ணாச்சி. ஆனா நான் வாங்கினது முழுக்க பில்டாங். விடிஞ்சா புரட்டாசி முதல் சனி. அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். மாட்டுக்கறி வத்தலை குழந்தைங்களுக்குக் குடுத்துட்டு, நான் அந்தம்மா தந்த ரொட்டியும் கறுப்பு டீயும் குடிச்சுட்டு சனிக்கிழமையை ஓட்டினேன்.

வழி திறந்ததும் வடக்கே திருப்பிட்டேன். ஒரு லூரும் தண்ணியத் தொடல.

ஸ்பேனர் | 24 செப்டம்பர் 2024

படகு எப்படி இருக்கு? உள்ள பனி விழுந்திருக்குமே.

நெல்லைக்காரன்_மிட்ராண்ட் | 24 செப்டம்பர் 2024

தார்ப்பாய் நடுவுல பள்ளமாகிக் கிழிஞ்சுடுச்சு. உள்ள முழங்கால் அளவு பனி.

ஸ்பேனர் | 24 செப்டம்பர் 2024

படகோட பின்னடியில தண்ணி வடியுற ஓட்டை அடைப்பானைக் கழட்டினீங்களா? உருகின தண்ணியோட எடை எல்லாம் அச்சு மேலதான். பேட்டரியும் முங்கியிருக்கும்.

நெல்லைக்காரன்_மிட்ராண்ட் | 24 செப்டம்பர் 2024

கழட்டினேன். மூணு மணி நேரம் ஒழுகிச்சு. ஹப்பைத் தொட்டுத் தொட்டுத்தான் வீடு வந்தேன், வலது பக்கம் கொஞ்சம் சூடு.

ஸ்பேனர் | 24 செப்டம்பர் 2024

வலது பேரிங் மாத்துங்க. ரெண்டையும் மாத்துங்க.

பழைய_தூண்டில் | 25 செப்டம்பர் 2024

அந்த அடைப்பானை இப்போது கார் சாவியோடு சேர்த்துக் கட்டிவையுங்கள். கழற்றியதைத் திரும்பப் போட மறந்து படகை இறக்கியவர்கள் இந்த இழையிலேயே ரெண்டு பேர் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

ரெண்டு_பவுண்ட் | 25 செப்டம்பர் 2024

ஒருத்தன் நான். இன்னொருத்தர் யாருண்ணா?

பழைய_தூண்டில் | 25 செப்டம்பர் 2024

புரட்டாசி முடிந்ததும் அக்டோபர் கடைசியில் வாருங்கள் தம்பி. பகலில் ஓட்டி வாருங்கள். ரூமுக்குப் பணம் கட்டவேண்டாம், ஃபீனிக்ஸில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. மனைவி ஏற்கனவே மெனு போட்டுவிட்டாள். என் படகில் போவோம், உங்களுடையதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நெல்லைக்காரன்_மிட்ராண்ட் | 25 செப்டம்பர் 2024

கண்டிப்பா வரேன் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு. லூர் எதுன்னு இன்னும் நீங்க சொல்லவே இல்லையே?

பழைய_தூண்டில் | 25 செப்டம்பர் 2024

5 இஞ்ச் சென்கோ ரப்பர் புழு, பூசணிப் பச்சை நிறம். ஈயம் வேண்டாம். நாணல் ஓரத்தில் போட்டுவிட்டு, ராடைத் தொடாமல் பத்து எண்ணுங்கள்.